எந்த லேசர்னு கேளுங்க

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் கிளினிக்க பூட்டப் போற நேரத்துல ஒரு லாரி டிரைவர் அண்ணன் வந்தார். நாமக்கல்ல கிளினிக் வச்சிருந்தா வர்றவங்கள்ல பாதிப் பேரு டிரைவர், கிளீனர், பாடி கட்டுற பட்டறையில வேலை பாக்கறவங்கதான், அதனால புதுசா ஒண்ணும் இல்ல. வாயத் திறக்கச் சொல்லிப் பாத்தா இடது கன்னத்து உள்பக்கம் ஒரு ரூபா காசு அளவுக்கு வெள்ளைப் படை, பஞ்ச வச்சுத் துடைச்சா போகல, லேசா சொரசொரன்னு இருக்கு. ராத்திரி வண்டி ஓட்டும்போது தூக்கம் வராம இருக்க பதினஞ்சு வருஷமா அதே இடத்துலதான் புகையிலைய அடக்கி வைப்பாராம். வலி இல்ல, எரிச்சல் மட்டும், காரம் சாப்பிட்டா.

"வெளிய போர்டுல லேசர் சிகிச்சைன்னு போட்டிருக்கீங்களே டாக்டரம்மா, அதுலயே இத சுட்டு விட்ருங்க, அரை மணி நேரத்துல லோடு ஏத்தணும்"னார்.

என்கிட்ட லேசர் இருக்கு. அந்தப் படைய அஞ்சு நிமிஷத்துல ஆவியாக்கி அனுப்பியிருக்க முடியும், அவரும் சந்தோஷமா காசு குடுத்துட்டுப் போயிருப்பார். ஆனா நான் மாட்டேன்னு சொன்னேன். சுட்டு எரிச்சுட்டா மைக்ராஸ்கோப்புக்கு அடியில வச்சுப் பாக்க ஒண்ணுமே மிஞ்சாது, அது வெறும் தோல் தடிப்பா இல்ல உள்ள செல்லு மாற ஆரம்பிச்சிருச்சான்னு கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியாமலே போயிடும். முதல்ல கொஞ்சம் சதை வெட்டி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும்ணே, அப்புறம்தான் மத்ததுன்னேன். அவர் முகத்துல ஒரு ஏமாற்றம், லேசர்னு போர்டு வச்சுக்கிட்டு கத்தியத் தூக்குறாளேன்னு.

அன்னைக்கு ராத்திரிதான் இத எழுதணும்னு தோணுச்சு. "லேசர்"ங்கற ஒத்த வார்த்தைய வச்சு ஜனங்க எங்ககிட்ட எதிர்பாக்கறதும், நாங்க போர்டுல எழுதி வைக்கறதும், நிஜத்துல அந்த மெஷின் பண்றதும் ஒண்ணுக்கொண்ணு ரொம்ப தூரத்துல இருக்கு. பல் டாக்டருங்க கையில இருக்கற லேசர் ஒரே பொருள் கிடையாது, நாலஞ்சு வேற வேற கருவிங்க, ஒண்ணு செய்ற வேலைய இன்னொண்ணால செய்யவே முடியாது. மருந்துக்கடையில போய் "மாத்திரை குடுங்க"ன்னு சொன்னா எப்படி இருக்கும், அப்படித்தான் "லேசர்ல பண்ணுங்க"ன்னு சொல்றதும்.

அடிப்படை ரொம்ப எளிமை. கத்திரி வெயில்ல கறுப்புச் சட்டை போட்டுக்கிட்டு நின்னா சுடும், வெள்ளை வேட்டிக்கு அவ்வளவு சுடாது, வெயில் ஒண்ணுதான், வாங்கிக்கற துணிதான் வேற. லேசரும் அப்படித்தான், ஒவ்வொரு லேசரும் ஒரே ஒரு அலைநீளத்துல மட்டும் ஒளி விடும், அந்த ஒளிய வாயில எது உறிஞ்சுதோ அதுதான் சூடாகும், வெட்டுப்படும். ஈறுல ரத்தத்தோட சிவப்பு இருக்கு, நம்ம ஊர்க்காரங்களுக்கு கூடவே மெலனின் கறுப்பு இருக்கு, எல்லாச் சதையிலயும் தண்ணி இருக்கு, பல்லுல சுண்ணாம்புத் தாது இருக்கு. எந்த ஒளிக்கு இதுல எது பிடிக்கும்ங்கறதுதான் மொத்த விஷயமும், மிச்சமெல்லாம் எவ்வளவு பவர், எவ்வளவு நேரம்ங்கற கணக்கு.

இது தெரியாம ஆரம்பிச்ச கதைதான் பல் லேசரோட முதல் இருபது வருஷமும். 1960 மே 16-ல தியோடர் மைமன் கலிஃபோர்னியாவில உலகத்தோட முதல் லேசர ஒளிர வச்சார், ரூபி லேசர், அலைநீளம் 694 நானோமீட்டர், நல்ல சிவப்பு. அஞ்சே வருஷத்துல, 1965-ல, லியோன் கோல்ட்மன்னு ஒரு தோல் டாக்டர் அந்த ரூபி ஒளிய தன் சொந்தத் தம்பி பல்லுலயே அடிச்சுப் பாத்தார், தம்பி பெர்னார்டு ஒரு பல் டாக்டர். தம்பிக்கு வலிக்கலைன்னுதான் எழுதி வச்சிருக்காங்க. ஆனா ரூபியோட சிவப்ப பல்லு நல்லா உறிஞ்சாது, அதனால குடையணும்னா சக்திய ஏகத்துக்கும் ஏத்தணும், ஏத்தினா சூடு உள்ள இருக்கற நரம்பு வரைக்கும் போயிடும். அதே 1965-ல ஜாக், கோஹன்னு ரெண்டு பேர் குரங்குப் பல்லுல சூட்டக் குடுத்துப் பாத்து, பல்லுக்குள்ள இருக்கற கூழ் 5.5 டிகிரி செல்சியஸ் ஏறினாலே நூத்துக்கு பதினஞ்சு பல்லு செத்துப்போகுதுன்னு காட்டினாங்க. அஞ்சரை டிகிரிதான், ஒரு வாய் சூடான காபிக்கும் வெதுவெதுப்பான காபிக்கும் உள்ள வித்தியாசம் கூட இல்ல. அந்த எண்ண நான் இன்னைக்கும் ஒவ்வொரு தடவ பெடல மிதிக்கும்போதும் மனசுல வச்சுக்கறேன்.

என்கிட்ட இருக்கறது டயோடு லேசர். நம்ம ஊர் கிளினிக்ல லேசர்னு போர்டு இருந்தா பெரும்பாலும் அது டயோடாத்தான் இருக்கும், ஏன்னா அதுதான் இருக்கறதுலயே சின்னது, விலை கம்மி, கையில தூக்கிட்டுப் போகலாம். 810, 940, 980 நானோமீட்டர்னு வரும், கண்ணுக்குத் தெரியாத ஒளி, நீங்க பாக்கற அந்தச் சிவப்புப் புள்ளி குறி பாக்கறதுக்காக சேத்து விடற வேற ஒளி. ரத்தத்தையும் மெலனினையும் பிடிச்சு ஈற வெட்டும், வெட்டும்போதே ரத்தத்த உறைய வைக்கும். பல்ல வெட்டாது. சொத்தைய எடுக்காது. இத நான் அழுத்திச் சொல்றேன், டயோடு லேசர வச்சு சொத்தப் பல்லக் குடைஞ்சு அடைக்க முடியாது, அப்படி யாராச்சும் சொன்னா திரும்பக் கேளுங்க.

ஆனா அதோட வேலையில அது தங்கம். ரெண்டாவது படிக்கற ஒரு பாப்பா வந்துச்சு, நாக்கு நுனி கீழ ஒட்டியிருக்கு, வெளிய நீட்டச் சொன்னா நுனி இதயம் மாதிரி நடுவுல பிளந்து நிக்குது. ஸ்கூல்ல தமிழ் வாசிக்கச் சொன்னா ர-வும் ழ-வும் வராம பசங்க சிரிக்கறாங்கன்னு அம்மா சொன்னாங்க. ழ-வுக்கு நாக்க மேல வளைக்கணும், கட்டிப் போட்ட நாக்கு எப்படி வளையும்? மரத்துப்போக மருந்து தடவி, பொடி ஊசியா ரெண்டு சொட்டு போட்டேன். ஃபைபர் நுனிய, நாங்க கடி பாக்கற நீலப் பேப்பர்ல ரெண்டு தடவ சுட்டுக் கறுப்பாக்குனேன். டயோடுல அத செய்யாட்டி ஒளி சதைக்குள்ள பரவிப் போயிடும், நுனி கறுத்தாத்தான் சூடு அங்கயே நின்னு வெட்டும். நுனி தலைமுடியவிட சில மடங்கு தடிமன், அவ்வளவுதான், 300-400 மைக்ரான். தொட்டும் தொடாம பெயிண்டு அடிக்கற மாதிரி முன்னயும் பின்னயும் நகத்தினா அந்த ஜவ்வு வெங்காயத்தோல் மாதிரி விலகி விலகி பிரியுது, கீழ வைர வடிவத்துல ஒரு காயம், ஒரு சொட்டு ரத்தம் இல்ல, தையல் இல்ல. முடி கருகற வாசம் மட்டும் கொஞ்சம் வரும், அத சக்ஷன் வச்சு இழுத்தே ஆகணும், அந்தப் புகைய மூச்சுல வாங்கக் கூடாது. மூணு நிமிஷம். பாப்பா நாக்க நீட்டி மூக்கத் தொட முயற்சி பண்ணிட்டே வீட்டுக்குப் போச்சு. அம்மாகிட்ட தெளிவாச் சொல்லித்தான் அனுப்பினேன், கட்ட அவுத்து விட்டதோட என் வேலை முடிஞ்சுது, ழ வர்றதுக்கு நாக்குப் பயிற்சியும் ஸ்பீச் தெரபியும் வேணும், தினமும் நாக்கத் தூக்கற பயிற்சிய விட்டுட்டா மறுபடி ஒட்டிக்கும்னு.

இத எழுதிட்டு என் தப்ப எழுதாம விட்டா நியாயம் இல்ல. மெஷின் வாங்கின முதல் வருஷம். ஒரு காலேஜ் பையன், கடைவாய் ஞானப்பல்லு மேல சதை மூடிக்கிட்டு வீங்கிப் போச்சு. அந்தச் சதைய எடுக்கணும். 3 வாட்டுல, விட்டு விட்டு அடிக்காம தொடர்ச்சியா வச்சு, சீக்கிரம் முடிக்கணும்னு ஒரே இடத்துல அழுத்திட்டேன். நுனியில கரி படிஞ்சிருக்கு, துடைக்கல. பாக்க சுத்தமா இருந்துச்சு, ரத்தமே இல்ல, எனக்கு ரொம்பப் பெருமை. மூணாம் நாள் அந்தப் பையன் தாடையப் பிடிச்சுக்கிட்டு வந்தான், ஓரமெல்லாம் வெந்து வெளுத்துப் போயிருக்கு, ஆற ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. கத்தியில வெட்டியிருந்தா ஒரு வாரத்துல ஆறியிருக்கும். ரத்தம் வரலைன்னா காயம் இல்லைன்னு அர்த்தம் கிடையாதுன்னு அந்தப் பையன்கிட்டதான் கத்துக்கிட்டேன். அதுக்கப்புறம் ஆறு மாசம் ஞாயித்துக்கிழமை கறிக்கடையில ஆட்டுத் தாடை வாங்கிட்டு வந்து, பவரக் குறைச்சு, விட்டு விட்டு அடிச்சு, ஈரப் பஞ்ச வச்சு ஆத்தி ஆத்தி பழகினேன். இன்னைக்கு 1 வாட்டுல இருந்து ஒன்றரை வாட்டுக்குள்ளதான், அதுக்கு மேல அநேகமா போறதே இல்ல.

அடுத்து கார்பன் டை ஆக்ஸைடு லேசர். இத சொல்லும்போது எனக்கு எப்பவும் ஒரு சந்தோஷம், ஏன்னா கண்டுபிடிச்சவர் நம்ம நாட்டுக்காரர், மகாராஷ்டிராவில பாராமதியில பொறந்து புனேயில இன்ஜினியரிங் படிச்ச குமார் படேல், 1964-ல அமெரிக்காவில பெல் லேப்ஸ்ல. 10,600 நானோமீட்டர், தண்ணி இத அப்படியே குடிச்சிடும், சதை முக்கால்வாசி தண்ணிதானே, அதனால ரொம்ப மேலாப்புல, ஆழம் போகாம, சுத்தமா வெட்டும். வாய்க்குள்ள பெரிய படைகள உரிச்சு எடுக்கறதுக்கு வாய் அறுவை சிகிச்சை பண்றவங்க கைக்கு இதுதான் தோது. பழைய கார்பன் டை ஆக்ஸைடு லேசர் பல்லுமேல பட்டா பல்லு கருகி வெடிப்பு விடும். அப்புறம் 9,300 நானோமீட்டருக்கு மாத்தி ஒண்ணு கொண்டு வந்தாங்க, அந்த அலைநீளத்த பல்லோட தாதுவே உறிஞ்சிக்கும், அதனால அது பல்லையும் வெட்டுது ஈறையும் வெட்டுது. வாயு ஒண்ணுதான், அலைநீளம் கொஞ்சம் நகந்ததுக்கே வேலை தலைகீழா மாறிடுச்சு பாருங்க.

என்டி யாக், 1064 நானோமீட்டர். 1990-ல அமெரிக்காவில ஈறு வேலைக்குன்னு முதல்ல அனுமதி வாங்கி பல் டாக்டருங்க கைக்கு வந்தது இதுதான். தண்ணிக்கு அவ்வளவா பிடிக்காத ஒளிங்கறதால சதைக்குள்ள சில மில்லிமீட்டர் ஆழம் போகும், ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல இருக்கற பை உள்ள மெல்லிசு ஃபைபர விட்டு கெட்டுப்போன உள் தோல எடுக்க உதவும். ஆனா பல்லுல ஒட்டியிருக்கற காரைய லேசர் கரைக்காது. காரைய ஸ்கேலர் வச்சு சுரண்டித்தான் எடுக்கணும், அதுக்கு மாற்று இல்ல. போன வருஷம் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வந்தார், வேற ஊர்ல ஒரு இடத்துல "லேசர் கிளீனிங்"னு சாதாரண கிளீனிங்குக்கு நாலு மடங்கு காசு குடுத்துட்டு, கீழ்ப்பல்லு பின்னாடி காரை அப்படியே இருக்கு. அவர் பென்ஷன் காசு. எனக்கு ரெண்டு நாள் தூக்கமே வரல.

இப்ப நிஜமாவே பல்ல வெட்டற லேசர். எர்பியம் யாக், 2,940 நானோமீட்டர், அதோட கூடப் பொறந்தது மாதிரி 2,780-ல இன்னொரு எர்பியம் குரோமியம். 1997-ல அமெரிக்காவில பல்லக் குடைய அனுமதி கிடைச்சது எர்பியத்துக்குத்தான். தண்ணி உறிஞ்சற ஒளியில இத அடிச்சுக்க வேற லேசர் இல்ல. பல்லு எனாமல்ல கூட துளித்துளியா தண்ணி இருக்கு, சொத்தையில இன்னும் நிறைய. எண்ணெய்ல கடுகப் போட்டா உள்ள இருக்கற ஈரம் ஆவியாகி தோல வெடிச்சுக்கிட்டு வெளிய வருதே, அதேதான் நடக்குது. ஒளி பட்டதும் அந்தத் தண்ணித்துளி வெடிச்சு சுத்தி இருக்கற பல்ல பொடிப்பொடியா பேத்து எறியுது, பல்லு சூடாகறதுக்கு முன்னாடியே வேலை முடிஞ்சிடுது, மேல தண்ணி வேற பீச்சிக்கிட்டே இருக்கும். சென்னையில ஒரு டிரெயினிங்ல பிடுங்கின கடைவாய்ப்பல்லு மேல முதல் தடவ அத வச்சுப் பாத்தேன். பட் பட் பட்னு தாளிக்கற சத்தம்தான். பன்னெண்டு வருஷமா ஏரோட்டார், அதான் பல்லக் குடையற டிரில், பிடிச்ச கை, அதோட கீச்சும் நடுக்கமும் விரல்லயே ஊறிப் போயிருக்கு, இதுல ஒண்ணுமே இல்ல, பல்லத் தொடக்கூட இல்ல, நுனி ஒரு மில்லிமீட்டர் தள்ளி நிக்குது. சொத்தை மேல போகும்போது சத்தம் மாறுது, கொழகொழன்னு ஆழமா, நல்ல பல்லுக்கு வந்ததும் கூர்மையா. காதால சொத்தையக் கண்டுபிடிக்கற மாதிரி. அந்த டிரில் சத்தத்துக்குப் பயந்தே பல்ல அழுக விட்டவங்க எத்தனை பேர நான் பாத்திருக்கேன், குழந்தைங்க, கர்ப்பமா இருக்கற பொண்ணுங்க, வயசானவங்க, எல்லாரும் அன்னைக்கு கண்ணு முன்னாடி வந்தாங்க.

அதுக்காக எர்பியம் மந்திரம் இல்ல. டிரில்லவிட மெதுவு. பழைய வெள்ளி அடைப்ப அதுல எடுக்கவே கூடாது, அதுல பாதரசம் இருக்கு, ஆவியாகும். பல்லு மேல மாட்டற உலோகக் கேப்ப வெட்டாது. நிறைய பேருக்கு ஊசி இல்லாமலே முடியும், ஆனா எல்லாருக்கும் இல்ல, ஆழமான சொத்தையில கூசத்தான் செய்யும். ரூட் கெனால்ல இத வேற மாதிரி பயன்படுத்தறாங்க, பல்லு நடுவுல நிக்கற கழுவுற மருந்துல மைக்ரோ செகண்டு கணக்குல அடிச்சா நுரை குமிழி வெடிச்சு மருந்து வேரோட மூலை முடுக்கெல்லாம் பாயும். அப்பவும் ஃபைலுங்கற மெல்லிசு அரத்த வச்சு வேரச் சுத்தம் பண்ணித்தான் ஆகணும், "லேசர் ரூட் கெனால்"னா லேசரே முழுசா பண்ணிடும்னு நினைச்சுக்காதீங்க. இதெல்லாத்தையும் விடப் பெரிய சிக்கல் விலை. டயோடு சில லட்சத்துல முடியும், எர்பியம் அதப்போல பல மடங்கு. நாமக்கல்ல ஒரு சொத்தை அடைக்க நான் வாங்கற காசுக்கு அந்தக் கடன என் பொண்ணு வேலைக்குப் போய்த்தான் அடைக்கணும். அதனாலதான் என்கிட்ட இல்ல, இருந்தா முதல்ல குழந்தைங்களுக்கு வச்சிருப்பேன்.

பல்லு வெளுக்கறதப் பத்தி ஒரு வார்த்தை. வாயில நீல வெளிச்சத்த வச்சு "லேசர் வைட்டனிங்"னு போட்டோ போடறாங்களே, பெரும்பாலும் அது எல்இடி விளக்கு, லேசரே கிடையாது, வெளுக்கறது மேல தடவின பெராக்சைடு ஜெல்லு. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் தண்ணில ஃப்ளோரைடு அதிகம், பொறந்து வளந்த புள்ளைங்களுக்கு பல்லு பழுப்புத் திட்டா இருக்கும், அது எனாமல் உருவாகும்போதே உள்ள பதிஞ்ச கறை. கல்யாணத்துக்கு முன்னாடி லேசர்ல வெள்ளையாக்கித் தாங்கன்னு அங்கிருந்து வருவாங்க, லேசர்ல அது போகாது, வேற வழி இருக்குன்னு உக்கார வச்சு விளக்குவேன்.

கறுப்பு ஈறு சமாச்சாரம் என்னை இன்னும் கஷ்டப்படுத்தும். மாப்பிள்ளை வீட்ல யாரோ ஏதோ சொல்லிட்டாங்கன்னு இருபத்திரெண்டு வயசுப் பொண்ணு வந்து நிக்கும். மெலனின டயோடு அழகா எடுத்துடும், ஒரே வாரத்துல ரோஸ் கலர்ல ஈறு வரும், நிஜம்தான். ஆனா அந்தக் கறுப்பு நோய் இல்லம்மா, உங்க அம்மாவோட, பாட்டியோட நிறம், எடுத்தாலும் சில மாசத்துலயோ சில வருஷத்துலயோ திரும்ப வரலாம்னு சொல்லிட்டு, ஒரு வாரம் யோசிச்சுட்டு வரச் சொல்லுவேன். பாதிப் பேரு திரும்ப வர மாட்டாங்க. வர்றவங்களுக்கு நல்லபடியா பண்ணித் தர்றேன், அது அவங்க விருப்பம்.

வெட்டவே செய்யாத லேசரும் இருக்கு. 655 நானோமீட்டர் சிவப்பு ஒளிய பல்லு இடுக்குல விட்டு, திரும்பி வர்ற ஒளிர்வ வச்சு சொத்தை இருக்கான்னு நம்பர் காட்டற கருவி ஒண்ணு, வெத்தலைக் கறைக்குக் கூட நம்பர ஏத்திக் காட்டும், அதனால அத மட்டும் நம்பி பல்லக் குடையக் கூடாது. ஆனா நான் சொல்ல வந்தது வேற. 1967-ல ஹங்கேரியில எண்ட்ரே மெஸ்டர்னு ஒரு டாக்டர், லேசர் பட்டா கேன்சர் வருமான்னு பாக்க எலி முதுக மழிச்சு குறைஞ்ச சக்தியில ரூபி ஒளிய அடிச்சார். கேன்சர் வரல. ஒளி பட்ட எலிக்கு முடி வேகமா வளந்துச்சு. அங்கிருந்து வந்ததுதான் புண்ண ஆத்தற லேசர், நான் ஈறு வெட்டறதுக்கு வாட்டு கணக்குல விடறேன்னா இது மில்லிவாட்டு கணக்கு, தொட்டா சூடே தெரியாது.

என் சித்திக்கு கன்னத்துல கேன்சர். வெத்தலை, புகையிலை, முப்பது வருஷம். ரேடியேஷன் குடுத்தாங்க, மூணாவது வாரம் வாயெல்லாம் தோல் உரிஞ்சு ரணம், எச்சி முழுங்க முடியல. ரசத்த வடிகட்டி ஆறவச்சு ஸ்பூன்ல குடுத்தா கண்ணுல தண்ணி கொட்டும், ஆனா சத்தம் வராது, வாயத் திறந்தாலே வலி. கடைசியில மூக்கு வழியா டியூப்பு. தலை, கழுத்துல ரேடியேஷன் எடுக்கறவங்களுக்கு முதல் நாள்ல இருந்தே தினமும் சில நிமிஷம் வாய்க்குள்ள புள்ளி புள்ளியா இந்த மெல்லிசு லேசர வச்சா புண்ணோட கடுமை குறையும்னு கேன்சர் சிகிச்சை வழிகாட்டு நெறிகள்லயே இருக்கு. சித்தி போன இடத்துல அந்த வசதி இல்ல, நான் கேட்டப்ப அப்படி ஒண்ணு இருக்கறதே அங்க இருந்தவங்களுக்குத் தெரியல. மில்லிவாட்டு மெஷின் அது. வாயில இவ்வளவு கேன்சர் இருக்கற நாட்டுல, பல்லு வெளுக்கற விளக்கு தெருவுக்குத் தெரு இருக்கு, இது ஒவ்வொரு ரேடியேஷன் சென்டர்லயும் ஏன் இல்லைன்னு நான் யாரப் பாத்தாலும் கேக்கறேன்.

எந்த லேசரா இருந்தாலும் கண்ணாடி விஷயத்துல விட்டுக்குடுக்காதீங்க. டயோடு, என்டி யாக் ஒளி கண்ணுக்குத் தெரியாம விழித்திரை வரைக்கும் போயிடும், எர்பியமும் கார்பன் டை ஆக்ஸைடும் கண்ணோட மேல்பக்கத்தச் சுடும். அந்தந்த அலைநீளத்துக்குன்னு கண்ணாடி இருக்கு, அதோட எண் கண்ணாடி மேலயே அச்சாகி இருக்கும். சாதா கூலிங் கிளாஸ் பத்தாது. டாக்டரும் நர்சும் போட்டுக்கிட்டு உங்களுக்குக் குடுக்கலைன்னா கேட்டு வாங்குங்க. நான் பொம்பளைங்க மூக்குத்தியக் கழட்டச் சொல்றதும் இதுக்குத்தான், பளபளன்னு இருக்கற எதுவும் ஒளியத் திருப்பி விடும். கழட்ட முடியாத பழைய திருகாணின்னா ஈரப் பஞ்ச வச்சு மூடிடுவேன்.

அந்த டிரைவர் அண்ணன் அன்னைக்கு உடனே லோடுக்குப் போகல. நான் கொஞ்ச நேரம் பேசினதுக்கப்புறம் முதலாளிக்குப் போன் போட்டு ரெண்டு மணி நேரம் தள்ளி வாங்கினார். படையோட ஓரத்துல அரிசி அளவுக்கு சதைய எடுத்து, ரெண்டு தையல் போட்டு, ஃபார்மலின் பாட்டில்ல அனுப்பினேன். ஒம்போதாம் நாள் ரிப்போர்ட் வந்துச்சு. கேன்சர் இல்ல, ஆனா செல்லு மாற ஆரம்பிச்சிருக்கு, ஆரம்ப நிலை. போன்ல சொன்னப்ப அவர் நாக்பூர் தாண்டி ஒரு டாபாவில இருந்தார், கொஞ்ச நேரம் பேச்சே இல்ல, பின்னாடி லாரி ஹாரன் மட்டும் கேட்டுச்சு. அப்புறம், "இப்ப லேசர் வைக்கலாமா டாக்டரம்மா?"ன்னார்.

வைக்கலாம்ணே, ஆனா என்னோடது வேணாம்னேன். சேலத்துல நான் படிச்ச காலத்து சீனியர் ஒருத்தர்கிட்ட கார்பன் டை ஆக்ஸைடு இருக்கு, படைய எரிக்காம முழுசா உரிச்சு எடுத்து, எடுத்ததையும் திரும்ப டெஸ்டுக்கு அனுப்புவார். புகையிலைய அந்த டாபாவிலயே தூக்கிப் போட்டுட்டேன்னு அண்ணன் சொன்னார், நம்பறேன். அடுத்த மாசம் 11-ஆம் தேதி காலையில வண்டி நாமக்கல் வந்துடும், அன்னைக்கு நானே கூட வர்றேன்னு சொல்லியிருக்கேன், கிளினிக்குக்கு அரை நாள் லீவு போட்டு போர்டும் எழுதி வச்சாச்சு.